அம்மா துடைத்த புல்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தைக் கோலசிலாங்கூரில் ஆற்றோரமாகச் செய்தோம். 2022, மழை விட்டிருந்த ஒரு காலை. நான் வாங்கிக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் பாக்கெட்டை ஐயர் பிரித்தார். உள்ளே வைக்கோல் நிறத்தில் காய்ந்த ஒரு புல்கட்டு. பாக்கெட்டின் மேல் பிள்ளையார் படம், அதற்குக் கீழே ‘தர்ப்பை’ என்று பெரிய எழுத்து, பின்பக்கம் இந்தியாவில் ஏதோ ஒரு ஊரின் முகவரி. முதல் நாள் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் பூசைச் சாமான் கடையில் மூன்று வெள்ளிக்கு வாங்கியது.

ஐயர் ஒரு தாளை உருவி, முறுக்கி, என் வலது கை மோதிர விரலில் வளையமாகச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

எனக்குப் பின்னால் பெரியம்மா நின்றிருந்தார். அம்மாவின் கூடப்பிறந்தவர் இல்லை. ஒரே லயத்தில் வளர்ந்து, ஒரே கேங்கில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்ததால் பெரியம்மா. குனிந்து என் விரலைப் பார்த்தவர், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“டேய் தம்பி, இது லாலாங்குடா.”

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். “அது வேற, இது வேறம்மா. காரியம் நடக்கறப்ப கண்டதையும் பேசாதீங்க.”

பெரியம்மா வாயை மூடிக்கொண்டார். எனக்கு மட்டும் அதன்பிறகு மந்திரம் எதுவும் காதில் விழவில்லை. விரலில் இருந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஒரு முடிச்சை எனக்குத் தெரியும். நானே எத்தனையோ காலைகளில் போட்டிருக்கிறேன், அம்மாவின் விரலில்.

அம்மா வெளிக்காட்டு வேலைக்காரி. பால் வெட்டத் தெரியும் என்றாலும் பெரும்பாலும் வெளிக்காட்டில்தான் போட்டார்கள். உரம் போடுவது, மருந்தடிப்பது, புல் வெட்டுவது. எங்கள் தோட்டம் பால்மரத்திலிருந்து செம்பனைக்கு மாறிய பிறகு முழுக்க முழுக்க மருந்து வேலைதான். அதில் ஒரு வேலைக்குப் பெயர் ‘லாலாங் துடைக்கிறது’.

இந்த வேலையைப் பற்றிச் சொன்னால் பட்டணத்தில் வளர்ந்த நண்பர்கள் நம்புவதில்லை. புல்லைத் துடைப்பார்களா? துடைப்பார்கள். லாலாங் பாய் விரித்த மாதிரி மண்டிக் கிடந்தால் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மொத்தமாக மருந்தடிப்பார்கள். அங்கே நாலு, இங்கே பத்து என்று தனித்தனியாக முளைத்திருந்தால் பம்படிப்பது மருந்துக்கு நட்டம், பக்கத்தில் உள்ள கன்றுக்கும் ஆபத்து. அதனால் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கையில் உள்ள டின்னில் மருந்துத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு புல்லையும் அடியில் பிடித்து நுனிவரை உருவிவிட வேண்டும். ஒரு தாள், அடுத்த தாள், அதற்கடுத்த தாள். குனிந்தே நிரை நிரையாகப் போக வேண்டும். பின்னால் மண்டோர் வருவார். மூன்று வாரம் கழித்து அதே நிரையில் பச்சையாக ஒரு தாள் நின்றால் யாருடைய நிரை என்று கணக்குப் பார்ப்பார்கள்.

விரலில் சுற்றுகிற துணி அம்மாவின் பழைய சேலை. நீளமாகக் கிழித்து வைத்திருப்பார். விடிகாலை பெரட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், மண்ணெண்ணெய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வலது கை விரல்களில் ஒவ்வொன்றாகச் சுற்றுவார். இடது கையால் முடிச்சுப் போட வராது. பள்ளி விடுமுறை நாட்களில், நான் முழித்திருந்தால், “தம்பி, வாய்யா, முடிச்சு போட்டு வுடு” என்பார். போட்டுவிடுவேன். இறுக்கமாக இருந்தால் ரத்தம் கட்டும், லூசாக இருந்தால் அவிழ்ந்துவிடும். மோதிர விரல் முடிச்சு எனக்கு நன்றாக வந்தது. எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது.

சாயங்காலம் வந்ததும் அந்தத் துணிகளைத் தனி வாளியில் அலசி, வீட்டுக்குப் பின்னால் தனிக் கொடியில் காயப்போடுவார். அந்தக் கொடியில் எங்கள் துணி எதுவும் போடக் கூடாது. போட்டால் அடி விழும்.

இந்தப் புல்லை ஏன் இவ்வளவு பாடுபட்டுத் துடைக்க வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. லாலாங்கின் உயிர் நாம் பார்க்கிற இடத்தில் இல்லை. மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் வெள்ளையாக, கணுக்கணுவாக, கிடையாக ஓடும் வேர்த்தண்டில் இருக்கிறது. அதன் நுனி ஊசி மாதிரி கூர்மையானது. குறுக்கே வரும் வேறு செடிகளின் வேரையே துளைத்துக்கொண்டு போகும். மேலே வெட்டினால் கணுவிலிருந்து மறுபடி தளிர்க்கும். மண்ணைக் கொத்திவிட்டால் இன்னும் மோசம். ஒரு தண்டு இருபது துண்டாகி, துண்டுக்கு ஒரு புல் முளைக்கும். தீ வைத்தால் காய்ந்த தாள்கள் படபடவென்று எரியும். போட்டிக்கு நின்ற செடிகள் எல்லாம் சாம்பலாகும். மண்ணுக்குள் இருக்கிற லாலாங் ஒரு வாரத்தில் பச்சையாக எட்டிப் பார்க்கும். எரிந்த பிறகும் வெட்டிய பிறகும்தான் அது அதிகமாகப் பூக்கும். வெள்ளிப் பட்டுபோலப் பூங்கதிர்கள், ஒவ்வொரு விதையிலும் பஞ்சு, காற்று கொண்டுபோய்ச் சேர்க்கும். உலகின் மிக மோசமான பத்துக் களைகள் என்று களை ஆய்வாளர்கள் 1977ல் பட்டியல் போட்டபோது அதில் லாலாங் இருந்தது.

அதை வெல்லக்கூடிய ஒன்று நிழல். மரங்கள் வளர்ந்து கிளை கூடிவிட்டால் லாலாங் தானாகவே போய்விடும். அதனால்தான் தோட்டங்களில் மூடுபயிர்க் கொடிகளை விட்டுப் படரவிடுவார்கள். ஆனால் மரம் வளரக் காத்திருக்கும் நாலைந்து வருடத்துக்கு ஆள் வேண்டும்.

பாட்டி காலத்தில் மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தி, வேர்த்தண்டைக் கையால் பொறுக்கி வெயிலில் போட்டுக் காயவைத்திருக்கிறார்கள். அதோடு ஆர்செனிக் கலந்த மருந்தும் அந்தக் காலத்துத் தோட்டங்களில் இருந்தது. மருந்தடித்த புல்லை மேய்ந்து மாடு செத்த கதையைப் பாட்டி அடிக்கடி சொல்வார். மாடு யாருடையது, அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாலுக்கு என்ன செய்தார்கள் என்பதுவரை சொல்வார். அப்புறம் பாராகுவாட் வந்தது. அது பட்ட இடத்தை ஓரிரு நாளில் கருக்கிவிடும், ஆனால் மண்ணுக்குள் இறங்காது. லாலாங் திரும்ப வரும், அம்மாவும் திரும்பப் போவார். 1970களில் சந்தைக்கு வந்த கிளைபோசேட் வேறு ரகம். இலை வழியாக உள்ளே போய் மெதுவாக வேர்த்தண்டுவரை இறங்கும். அதனால்தான் துடைக்கிற வேலை. இலையை விரலால் உருவினால் போதும், விஷம் தானே வழி கண்டுபிடித்துப் போய்விடும்.

காரியம் முடிந்து சிங்கப்பூருக்கு வேலைக்குத் திரும்பிய பிறகு பெரியம்மாவின் வாக்கியம் என்னை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் கையில் கிடைத்தது பர்க்கிலின் அகராதி. ஐசக் ஹென்றி பர்க்கில் 1912 முதல் 1925 வரை சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர். மலாய்த் தீபகற்பத்தில் மனிதனுக்குப் பயன்படும் செடி கொடி, விலங்கு, கனிமம் எல்லாவற்றையும் ஆங்கில அகர வரிசையில் தொகுத்து 1935ல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு செடியை எடுத்தால் அதன் மலாய்ப் பெயர்கள் என்ன, யார் தின்றார்கள், யார் மருந்தாக அரைத்தார்கள், எதற்கு விற்றார்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும்.

லாலாங்கைத் தேடி நான் போய் நின்ற பெயர் ‘இம்பெராட்டா சிலிண்ட்ரிகா’. இம்பெராட்டா என்றதும் ஏதோ சாம்ராஜ்யம் சம்பந்தப்பட்ட பெயர் என்று நினைத்தேன். மண்ணைப் பிடித்துக்கொள்ளும் புல்லுக்குப் பொருத்தம்தான் என்றும் தோன்றியது. இல்லை. அது நேப்பிள்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஒருவரின் பெயர். ஃபெரான்ட்டே இம்பெராட்டோ. 1599ல் இயற்கை வரலாறு பற்றி ஒரு நூல் எழுதியவர். தன் வீட்டுக் கூரையில் பாடம்செய்த முதலையைத் தொங்கவிட்டு, சுவர் முழுக்கச் சங்கும் மீனும் அடுக்கி வைத்திருந்த மனிதர். நம் நாட்டுக் களைக்கு ஒரு மருந்துக்கடைக்காரரின் பெயர். அம்மாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். அவருக்கு மருந்து என்றால் பம்பில் ஊற்றுவது.

படிக்கப் படிக்க அந்தப் புல்லுக்கு எத்தனை வேலை இருந்திருக்கிறது என்று தெரிந்தது. பாலியில் ‘ஆலாங் ஆலாங்’ என்ற பெயரில் அதைக் கட்டுக் கட்டாக அறுத்துக் கூரை வேய்கிறார்கள். கோயில் மாடங்களுக்கும் அதே கூரை, இன்று உல்லாச விடுதிகளுக்கும் அதே கூரை. சீன மருத்துவத்தில் அதன் வேர்த்தண்டு உடல் சூட்டைத் தணிக்கும், சிறுநீரைப் பிரிக்கும். கரும்போடு சேர்த்துக் காய்ச்சிய மாவ் கென் தண்ணீரை நான் எத்தனையோ முறை காப்பிக்கடையில் வாங்கிக் குடித்திருக்கிறேன். அதில் உள்ள வேர் லாலாங் என்று தெரியாமலேயே. அமெரிக்காவின் அலபாமாவுக்கு 1912 வாக்கில் ஜப்பானிலிருந்து போன ஆரஞ்சுக் கன்றுகளின் பெட்டிகளில் அடிபடாமல் இருக்க இந்தப் புல்லைத்தான் திணித்திருக்கிறார்கள். திணித்ததை வெளியே கொட்டினார்கள். இன்றுவரை அங்கே மருந்தடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு தமிழ். இம்பெராட்டா சிலிண்ட்ரிகாவுக்குத் தாவர நூல்களில் கொடுக்கப்படும் தமிழ்ப் பெயர்களில் ஒன்று தர்ப்பை. இன்னொரு புல்லும் அதே பெயரில் வழங்குகிறது. டெஸ்மோஸ்டாக்கியா என்கிற, வறண்ட மண்ணில் முளைக்கும் குசைப்புல். ஊருக்கு ஊர், எது கிடைக்கிறதோ அது தர்ப்பையாகிறது. அப்படிப் பார்த்தால் பெரியம்மா சொன்னது அபத்தம் இல்லை. ஐயர் சொன்னதும் முழுப்பொய் இல்லை.

எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில். திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் கோயிலைச் சுற்றிப் புல் மண்டியிருக்கும். அம்மாவும் பெரியம்மாவும் கேங்கோடு வந்து மருந்தடிப்பார்கள். அதற்குக் கூலி கிடையாது, அது சாமி காரியம். கொடியேற்றத்துக்குள் புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகி, தரை சுத்தமாகத் தெரியும். அப்புறம் கொடிமரத்தில் தர்ப்பைக் கயிறு சுற்றுவார்கள். அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். கிரகணத்தன்று பாட்டி தண்ணீர்ப் பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் போட்டுவைக்கிற தாளும் அதே பாக்கெட்டிலிருந்து வந்ததுதான். ராமநாதபுரத்துத் திருப்புல்லாணியில் ராமர் தர்ப்பைமேல் படுத்திருக்கிறார் என்று பாட்டி சொல்லுவார். லாலாங்கில் படுத்தால் உடம்பெல்லாம் அறுக்குமே என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அது வேறு புல், இது வேறு புல்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். பால்மரம் பிரேசில் காட்டு மரம். 1877ல் சிங்கப்பூருக்குக் கன்றாக வந்தது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவுடையது. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கள் கோலசிலாங்கூர் பக்கம்தான், தென்னமாரம் எஸ்டேட்டில், 1917ல் போடப்பட்டது. இரண்டையும் பார்த்துக்கொள்ளக் கப்பலில் வந்தவர்கள் நாங்கள். ஆசியாவின் வெயிலில் இயல்பாக வளரும் லாலாங்தான் அங்கே களை. எதைக் களை என்பது என்று தோட்டத்தில் முடிவு செய்தவர்கள் புல்லைப் பார்த்து முடிவு செய்யவில்லை.

அந்தப் பெயர் மனிதர்கள்மீதும் விழுந்தது. 1987 அக்டோபர் 27ல் தொடங்கிய கைது நடவடிக்கைக்கு ‘ஓப்பராசி லாலாங்’ என்று பெயர். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பிடிக்கப்பட்டார்கள். அரசியல்வாதிகள், சமூக ஆர்வலர்கள், கல்வியாளர்கள். மூன்று பத்திரிகைகளின் உரிமம் பறிக்கப்பட்டது. அந்த வாரமும் அம்மா துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார். அந்தப் பெயரை ரேடியோவில் கேட்டிருந்தால் தன் நிரையைத்தான் நினைத்திருப்பார். எத்தனை முறை துடைத்தாலும் திரும்ப முளைக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு அந்தப் பெயரை வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

இங்கே நான் கொஞ்சம் நிறுத்திக்கொள்ள வேண்டும். இப்படி எழுதிக்கொண்டே போனால் லாலாங் ஒரு வீரச் செடியாகிவிடும், அம்மா அதற்கு எதிரே நிற்கும் அப்பாவியாகிவிடுவார். அம்மா அப்படி நினைத்ததே இல்லை. ஒருமுறை, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த திமிரில் கேட்டேன்.

“ஏம்மா, எத்தன வருஷம் அந்தப் புல்லப் புடுங்கினீங்க, அது ஒழிஞ்சிச்சா?”

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்: “ஒழிஞ்சிருந்தா ஒன்னய எப்புடிப் படிக்க வச்சிருப்பேன்?”

அவ்வளவுதான் அவருடைய தாவரவியல். லாலாங் இருக்கிறவரை வேலை உண்டு. சுத்தமாகத் துடைத்த நிரையைப் பற்றி அவருக்குப் பெருமையும் உண்டு. “எங்க நெரையில மண்டோரு வெரல் வச்சுக் காட்ட முடியாது” என்பார். 2003ல் தோட்டம் கைமாறி, வீடமைப்புக்காக மரங்களைச் சாய்த்தபோது அவர் அழுததற்குக் காரணம் மரமும் இல்லை, புல்லும் இல்லை. நாள் சம்பளம் போயிற்று, வீடும் போயிற்று. மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தோம். மரம் சாய்த்த இடத்தில் கட்டுமானம் தாமதமானது. நிழல் போனதும் லாலாங் வந்தது. எங்கள் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் வெள்ளை வெளேரென்று கடல் மாதிரி அசையும். அம்மா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, “பாரு, ஒரு ஆளில்ல தொடைக்க” என்பார். அந்தக் குரலில் இருந்தது வெறுப்பா என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஆனால் நகங்கள் இருந்தன. அம்மாவின் வலது கையில் நடு விரலிலும் மோதிர விரலிலும் நகம் மஞ்சள் பாய்ந்து, தடித்து, ஓரம் பிளந்திருக்கும். பாராகுவாட் அடர்த்தியாகப் பட்டால் நகம் நிறம் மாறும், உதிரும் என்பது மருத்துவத்தில் பதிவான விஷயம். மூக்கில் ரத்தம் வருவதும் அப்படித்தான். கேங்கில் பலருக்கு வந்திருக்கிறது. அவர்கள் அதற்குச் ‘சூடு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கையுறை கொடுத்தார்களா என்று கேட்டால், கொடுத்தார்கள் என்பார் அம்மா. வெயிலில் கை வெந்துபோகும், கையுறையோடு தாளை உருவ வராது, நிரை முடியாது, கழற்றிவிடுவோம். கழற்றாதே என்று சொல்லவும் ஆளில்லை. மலேசியா 2002ல் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006ல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுமையாகத் தடை செய்தது. அம்மா பம்பை இறக்கி வைத்துப் பதினேழு வருடம் ஆகியிருந்தது.

அம்மா மாரடைப்பில் இறந்தார். வயது அறுபத்து நான்கு, இனிப்புநீர் இருந்தது, ரத்த அழுத்தம் இருந்தது. மருந்துதான் கொன்றது என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதினால் கட்டுரைக்கு ஒரு முடிவு கிடைத்துவிடும், எனக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிடும். ஆனால் அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இருப்பது இரண்டு நகங்களின் நினைவு. அந்த இரண்டு விரல்களிலும் முடிச்சுப் போட்டவன் நான் என்கிற நினைவும்.

காரியத்தில் மிச்சமான பாக்கெட்டை நான் தூக்கி எறியவில்லை. ஒரு விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, அடுக்குமாடிக்குப் பின்னால் இறங்கி ஒரு பிடி லாலாங் பறித்துவந்து ஜன்னல் விளிம்பில் பத்து நாள் காயவைத்தேன். லாலாங்கை அடையாளம் காண ஒரு வழி உண்டு. பெரும்பாலான புற்களுக்கு நடு நரம்பு தாளின் நடுவில் ஓடும். லாலாங்குக்கு வெள்ளையாக, நடுவை விட்டுச் சற்றுத் தள்ளி ஓடும். ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து விரித்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நரம்பு தள்ளித்தான் ஓடியது.

அடுத்த வருடம் திதிக்கு அதே ஐயரிடம் போனேன். காய்ந்த லாலாங்கையும் பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சண்டை போடுகிற எண்ணம் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான்.

“சாமி, ரெண்டும் ஒரே புல்லு மாதிரி இருக்கு. இங்க மொளைக்கிறத வச்சே செய்யலாமா?”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இருக்கலாம் தம்பி. ஆனா தர்ப்பைய இன்ன நாள்ல, இன்ன மாதிரி, மந்திரம் சொல்லிப் பறிக்கணும்னு முறை இருக்கு. நீங்க இத எப்படிப் பறிச்சீங்க?”

“சும்மா புடுங்கிட்டு வந்தேன்.”

“அப்ப இது புல்லு” என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதில் எனக்கு ஒன்று பிடிபட்டது. அவர் செடியைப் பற்றிப் பேசவில்லை, அதைத் தொட்ட கையைப் பற்றிப் பேசினார். மந்திரம் சொல்லித் தொட்டால் தர்ப்பை. கரும்போடு காய்ச்சினால் மாவ் கென். கூரையில் ஏற்றினால் ஆலாங் ஆலாங். நாள் சம்பளத்துக்கு விஷத்துணியால் உருவினால் லாலாங். புல் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அம்மாவின் கைக்கு எந்த வேலை கிடைத்ததோ அதற்கான பெயர் அம்மாவுக்குக் கிடைத்தது. அவர் பறித்ததற்கும் முறை இருந்தது, நேரம் இருந்தது, முடிச்சு இருந்தது. சொல்ல மந்திரம்தான் இல்லை.

பாக்கெட் தர்ப்பையை வைத்தே திதி கொடுத்தேன். ஐயர் விரலில் முடிச்சுப் போட்டார். முடிந்ததும் அவிழ்த்து ஆற்றில் விட்டேன்.

திரும்பி வரும்போது பெரியம்மா காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். சடக்கின் ஓரத்தில் லாலாங் பூத்திருந்தது. இறங்கிப் போனவர் உடனே பிடுங்கவில்லை. குனிந்து தாள்களைப் புரட்டிப் பார்த்தார், அடியில் மஞ்சள் விழுந்திருக்கிறதா என்று. பத்தடி தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் பார்த்தார். “இங்க மருந்து படல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மண்ணில் விரலை விட்டுக் கிளறி, வெள்ளையாக ஒரு வேர்த்தண்டை இழுத்தார். முந்தானையில் துடைத்து இரண்டாக ஒடித்து ஒரு துண்டை என்னிடம் நீட்டினார்.

“மென்னு பாரு.”

மென்றேன். முதலில் மண் வாசம். அப்புறம் லேசாக, கரும்பின் நுனிக்கணு மாதிரி ஓர் இனிப்பு.

“இனிக்குதா? சின்னப் புள்ளையில ஒங்கம்மா இதத் தோண்டித் தோண்டித் தின்னுக்கிட்டே திரிவா. எத்தனவாட்டி ஒங்க பாட்டிக்கிட்ட அடி வாங்கியிருக்கா தெரியுமா.”

எனக்குத் தெரியாது. அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. பெரியம்மா மிச்சத் துண்டை வாயில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.